அருள்தாஸ் வீட்டு அன்னத்தொட்டி

கீரமங்கலத்து அருள்தாஸ் குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டுத் தோட்டத்தில் பாதி ஆயுசைக் கழித்தவர். ஊர் திரும்பியவர் சும்மா இருந்தாரா? அங்கே பார்த்த மாதிரியே கொல்லையில் ஒரு கான்கிரீட் தொட்டி கட்டி, நடுவில் வாயால் தண்ணீர் பீய்ச்சும் அன்னப்பறவை ஒன்றை நிறுத்தினார். சாயங்காலம் தொட்டியை நிரப்பினால் விடியும்போது அன்னம் காய்ந்த தரையில் நிற்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் பஞ்சாயத்துத் தண்ணீர் இப்படிப் போவதைப் பார்த்து மனைவி ஷர்லிக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணன் வருவதற்குள் ஒழுகல் நிற்காவிட்டால் அன்னத்தை உடைத்து, தொட்டியில் மண்ணைக் கொட்டி மல்லிகை வைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அருள்தாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம் மனுஷன், தன் ஆசைக்கென்று கட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த அண்ணன் செபமாலைக்கே போன் போட்டார். ஜெகதாப்பட்டினத்தில் படகு ஓட்டை அடைப்பது அவர் தொழில். தொட்டியில் சொட்டு நீலத்தைக் கலந்து, அது எங்கே வெளிவருகிறது என்று பார்த்து வைக்கச் சொன்னார். வந்து அடைத்துத் தருகிறாராம். பாட்டில் பாட்டிலாக ஊற்றியும் ஒரு பொட்டு நீலம் எங்கும் தெரியவில்லை.

கடைசியில் அருள்தாஸ் போய்க் கூட்டிவந்தது யாரை? போர் போட நீரோட்டம் பார்க்கும் வீரய்யாவை! பாதாளத்தில் ஓடும் தண்ணீரையே கண்டுபிடிக்கிறவருக்கு இது எம்மாத்திரம் என்று கணக்கு. வீரய்யா உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார். மதிலோரம் தேங்காய் விசுக்கென்று எழுந்து நின்றது. ஒழுகல் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், மனிதர் பழக்கதோஷத்தில் வேறு சொன்னார்.

"மேலாப்புலயே ஊத்து கெடக்குங்க. அள்ள அள்ளக் கொறையாது."

ஷர்லி காதில் அது விழுந்தது. மறுநாளே மதிலோரம் கைபோர் இறங்கியது. தண்ணீரும் வந்தது, இளநீல நிறத்தில். அருள்தாஸ் காலி நீலப் பாட்டில்களை அவசரமாக ஒளித்துவைத்தார். ஷர்லியோ மாதா அங்கியின் நிறம் என்று சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து தெருக்குழாயில் குடம் தூக்கியவள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சந்தோஷத்தில் அன்னத்துக்கும் போரிலிருந்தே குழாய் கொடுத்தாள். தொட்டித் தண்ணீர் போருக்குப் போயிற்று, போர்த் தண்ணீர் தொட்டிக்கு வந்தது. குறைந்ததை, அவள் பூசைக்குப் போன நேரமாகப் பார்த்து, பஞ்சாயத்துக் குழாயிலிருந்து அருள்தாஸ் நிரப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை செபமாலை சாமான் பையோடு வந்தார். கெட்டிக்காரக் கண். தொட்டியை எட்டிப் பார்த்ததுமே அன்னத்தின் காலடியில் விரிசல் தெரிந்துவிட்டது.

"இந்தா இருக்கு மாப்ள. ஒரு நிமிசத்துல அடைச்சிர்றேன்."

அடைத்தால் ஊற்று நின்றுபோகும். நின்றால் ஏனென்று கேள்வி வரும். அப்புறம் அன்னமும் இருக்காது, ஷர்லியின் மாதாவும் இருக்க மாட்டாள். அருள்தாஸ் யோசிக்கவில்லை. வெள்ளை வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கி, விரிசல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் நீலம் மெல்ல ஏறியது. செபமாலை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

உள்ளே இருந்து ஷர்லி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"எனக்கு இங்கிட்டே எலையப் போட்டுரு, ஷர்லி" என்றார் அருள்தாஸ்.