முறத்தோடு வந்த சபை

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்ட்ர் டி ஃப்ளாக்கைச் சுற்றியுள்ள கரும்புக் கிராமங்களில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து உடல்நலம் பற்றிப் பேசுவதுதான் என் உத்தியோகம். தாய் சேய் நலம் என்று அதற்குக் கௌரவமான பெயர். சுருட்டிய படங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் போய் இறங்குவேன். வயலிலிருந்து திரும்பிய பெண்கள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வருவார்கள். ஆளுக்கொரு முறமும் அதில் பருப்பும் கூடவே வரும்.

கடைப் பருப்பில் கல் கிடக்கும், அது உண்மைதான். ஆனால் முறம் வந்ததற்குக் காரணம் கல் மட்டுமில்லை. பட்டப்பகலில் வீட்டை விட்டு வெளியே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று ஒருத்தியும் பேர் வாங்கக் கூடாது. மடியில் முறம் இருந்தால் வேலையாகப் போனதாகக் கணக்கு. நானும் ஒரு வீட்டில் மருமகளாக இருந்தவள்தான், எனக்கு அது புரிந்தது.

அந்த முறங்களால் எனக்கும் லாபம். நான் முகங்களைப் பார்ப்பதில்லை. மரியாதைக்காகத் தலையாட்டும் முகத்தை நம்பிப் பேசினால் நாம்தான் ஏமாளி. கைகளைப் பார்ப்பேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்னும்போது விரல்கள் பருப்பில் பறக்கும். பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்கு வந்த காய்ச்சலைச் சொன்னால் விரல்கள் அசையாது நிற்கும். கை நின்றால் காது திறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் பேச்சு முடிந்து பேருந்துக்கு நின்றபோது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். நாலு பிள்ளைக்காரி. சாலையைக் கடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். மாமி, அக்கா போன்ற முறைச்சொற்கள் மட்டும் தமிழில் இருந்தன; என்னை மட்டும் மரியாதைக்கு மம்செல் என்பார்கள். இங்கே முழுதும் தமிழில் எழுதுகிறேன்.

"மம்செல், எனக்கு இருதயம் சரியில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு பிள்ளை வந்தா உயிருக்கே மோசமாம். வீட்டுக்காரருகிட்டச் சொன்னா, அம்மாவைக் கேளுங்கிறாரு. மாமிகிட்ட நான் எப்படிச் சொல்றது? வேலைக்குக் கள்ளம் போடுறேன்னு சொல்வாங்க. நீங்க கூட்டத்துல பொதுவா சொல்லுங்க. என் பேரு மட்டும் வேணாம்."

அவள் மாமியாரை எனக்குத் தெரியும். வாசலோரம் உட்காருவார், வெளியே கட்டிய ஆட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு. சபையிலேயே பெரிய முறம் அவருடையது. எந்தப் பேச்சுக்கும் அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. அந்த ஒரு கையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பெண் செத்துப்போவாள்.

அடுத்த வாரம் பார்த்தா என் மேலதிகாரி கியூர்பிப் நகரத்திலிருந்து மேற்பார்வைக்கு வர வேண்டும்? வந்ததும் முறங்களைப் பார்த்து முகம் சுளித்தார். இது சொற்பொழிவா, சந்தையா என்று கேட்டு, எல்லா முறத்தையும் தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார். பெண்கள் பணிவாக வைத்தார்கள். கொஞ்ச நேரம் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். பிறகு ஒருத்திக்கு அடுப்பு ஞாபகம் வந்தது, ஒருத்திக்கு மாடு. முதலில் எழுந்தவர் அந்த மாமியார்தான். பின்னாலேயே போன மருமகள் வாசலில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வெறும் பாய்களுக்குப் பிரசங்கம் செய்து முடித்தேன்.

"இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை," என்றார் அதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கறை இருந்தது, மதாம். நீங்கள் அதைத் தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னீர்கள்," என்றேன். வேலை போகும் என்று நினைத்தேன். ஏனோ போகவில்லை.

மறுவாரம் முறத்தோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். நானும் பருப்பும் முறமுமாகப் போய், வாசலோரம் பாயில் அந்த மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஓரக்கண்ணால் என் முறத்தைப் பார்த்தார். "மம்செல் வீட்டிலயும் கல்லுதானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் விரல்கள் பறந்தன. பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொன்னேன். மற்றவர்கள் கை நின்றது, அவர் கை நிற்கவில்லை. என் சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரையே கேட்டேன்.

"மாமி, உங்க காலத்துல பிரசவத்துல ரொம்பக் கஷ்டப்பட்டவங்க யாராவது உண்டா?"

"ஆயோ, ஏன் இல்ல? என் தங்கச்சி." விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "அஞ்சாவதுல போயிட்டா."

"முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

"மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வேலைக்குக் கள்ளம் போடுறான்னு..." அவர் நிறுத்தினார். "நாங்கதான் சொன்னோம்."

கை நின்றிருந்தது. கூடம் முழுக்க ஒரு பருப்புகூட உருளவில்லை.

"இப்போ டாக்டர் நெஞ்சுல குழாய் வச்சு முன்னாலயே கண்டுபிடிச்சிடுறாரு, மாமி. கண்டுபிடிச்சுச் சொன்னா, வீட்டுல கேட்கணும். அடுத்த பிள்ளை வராமப் பார்த்துக்க வழி இருக்கு, படம்கூடக் கொண்டுவந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தலைகுனிந்திருந்த மருமகளைப் பார்த்தார். அவள் தோள் ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் மடியிலிருந்த முறத்தை இழுத்து, அந்தப் பருப்பைத் தன் முறத்தில் கொட்டிக்கொண்டார்.

"நீ முன்னால போய் உட்காரு," என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "மம்செல், அந்தப் படத்தை விரி," என்றார்.

விரித்தேன். அன்று கூட்டம் கலையும்வரை, இரண்டு பேர் பருப்பும் அவர் மடியில் தொடாமல் கிடந்தது.