மலைக்கு முதுகு காட்டிய மாப்பிள்ளை

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்ட அந்த வருடங்களில், வடக்கனந்தலுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில், என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நடந்தது இது.

அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் வாழ்க்கை எனக்கு நிறையப் பாடம் நடத்தியிருந்தது. மணிலா, அதாவது வேர்க்கடலை விதை என்று நம்பி வாங்கி விதைத்தேன், முளைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவர் "தம்பி, இந்தக் கொடைய கொஞ்சம் புடி" என்றார், பிடித்தேன். காலடியில் கழற்றி வைத்திருந்த என் புதுச் செருப்போடு அவர் இறங்கிப் போன பிறகுதான் குடையை விரித்துப் பார்த்தேன். அதில் ஓட்டை. எல்லாப் பாடத்தையும் கூட்டிப் பார்த்ததில் விடை ஒன்றுதான் வந்தது: எவனையும் நம்பாதே. நான் மட்டுமல்ல, அந்த வருடம் எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். டீக்கடையில் புது ஆள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. என் பிரச்சினை அதைவிடச் சின்னது. அதாவது, எனக்குப் பெரியது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முந்தின நாளே பெண்ணை அழைத்து வந்துவிட வேண்டும். பெண் ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். காலையிலேயே புறப்பட்டு டிராக்டரில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் வரை வரவில்லை. விடியற்காலையில் மரம் போட்டுவிட்டார்களாம், பஸ் இல்லை என்று செய்தி மட்டும் வந்தது. மறுநாள்தான் ஆவணியின் கடைசி முகூர்த்தம். விட்டால் புரட்டாசி, எவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒரு மாதம் இடைவெளி கிடைத்தால் எங்கள் பெரியப்பாவுக்குப் போதும், "சகுனம் சரியில்ல" என்று சொல்லி வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

"ரோட்ல மரம் கெடந்தா அவங்க இன்னா பறந்தா வருவாங்க? சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம்" என்றார் தாய்மாமன்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண் காபித் தம்ளரைக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே ஓடியவள். எதைப் பார்த்துச் சிரித்தாள்? மூக்கா, கிராப்பா? பல ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. மரம் விழுந்தது அவர்களுக்கு நல்ல சாக்கு, வர மாட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கொல்லைப்புறமாகச் சைக்கிளை நகர்த்தினேன்.

இதில் ஒரு சங்கடம். காலையில்தான் எனக்கு நலங்கு வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காத்து கருப்பு அண்டாமல் கையில் இரும்பும் இருக்க வேண்டும் என்று, நுனியில் எலுமிச்சம்பழம் குத்திய சின்னக் கத்தி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். நான் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காப்புத் தெரியாமல் துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

கள்ளக்குறிச்சிச் சாலையில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, முதல் மரம் வந்துவிட்டது. அதன்மேல் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் கோடாலி.

"இன்னா தம்பி, எங்க போய்க்கினு இருக்க?"

"கள்ளக்குறிச்சிக்குங்க. ஒரம் வாங்கணும்."

"காதுல மஞ்ச ஒட்டிக்கினு இருக்குது."

"மஞ்சக் காமாலைங்க" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "அதுக்கும் மருந்து வாங்கணும்."

"கையில இன்னா கட்டு?"

"சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டேங்க."

அவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பேச்சை வளர்க்க வேண்டாம் என்று சைக்கிளைத் தூக்கி மரத்தைத் தாண்ட வைத்தேன். தூக்கிய வேகத்தில் இடுப்பிலிருந்த கத்தி கீழே விழுந்தது. எலுமிச்சம்பழம் கழன்று உருண்டு நேராக அவர் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து, கீழே கிடந்த கத்தியையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"எங்க அண்ணனுக்கு நாளைக்குக் கல்யாணம்" என்றேன்.

"அண்ணனுக்குக் கல்யாணம்னா தம்பிக்கா காப்பு கட்டுவாங்க?"

துண்டு எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. எந்த ஊர் என்று கேட்டார். பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மெதுவாக எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மோதிரம் பொண்ணு வூட்ல போட்டதா?" என்றார் என் விரலைப் பார்த்து.

நான் கையைப் பின்னால் மறைத்தேன். குடையும் செருப்பும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"ரோட்ல போவ முடியாது தம்பி. அடுத்தடுத்து மரம் கெடக்குது. கழனி வழியா நான் இட்டுக்கினு போறேன். சைக்கிள என்கிட்ட குடு. காமாலக்காரன் தள்ளக் கூடாது. நீ முன்னால நட."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோடாலி வைத்திருப்பவரிடம் எதையும் மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நடந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. காற்றடித்தால் தோகை உரசும் சத்தம், பின்னால் என் சைக்கிளின் கடகட, அதன் கேரியரில் கோடாலி. இங்கே என்னை வெட்டிப் போட்டால் கரும்பு வெட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். போகிற உயிர் போகட்டும், மோதிரமாவது தப்பட்டும் என்று அதைக் கழற்றி வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். உயிர் போனாலும் வாய் அங்கேதானே கிடக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

"மலைய பாத்து நடக்கிறவன் மாப்ள" என்றார் அவர் பின்னாலிருந்து, யாரிடமோ சொல்வது போல. "மலைக்கு முதுக காட்டிக்கினு போறவன இன்னான்னு சொல்றது?"

கல்வராயன் மலையும் அதன் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரும் என் முதுகுப் பக்கம்தான் இருந்தன. கொல்வதற்கு முன் விடுகதை போடுகிற ஆளா என்று நடையை எட்டிப் போட்டேன்.

"இன்னா, பதிலே காணோம்? பாக்கு மெல்றியா?"

"ம்" என்றேன்.

ஒரு வாய்க்கால் வந்தது. தாண்டினால் அந்தப் பக்கம் நெல் வயல், திறந்த வெளி. ஓடிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தேன். தோளில் கை விழுந்தது.

"ஓடற வேலயெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி?"

எந்தப் பெண் என்று கேட்க வாயைத் திறக்க முடியவில்லை, மோதிரம். யோசிப்பதற்குள் கரும்பு முடிந்து, சாலையோரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை வந்துவிட்டது. அதன் நிழலில் ஒரு டிராக்டர். பின்னால் டிரெய்லரில் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், பட்டுப் புடவைப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துப் படுத்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் கண் வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவளை எனக்குத் தெரியும். பல ராத்திரி என்னைத் தூங்க விடாதவள்.

"இந்தாங்க உங்க மாப்ள" என்றார் அவர், பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "ஓடிப்போவ பாத்தான். புடிச்சாந்துட்டேன். நான் மாப்ளயே இல்ல, காமாலன்றான்."

பெண்ணின் மாமன் ஒருவர் சட்டைக் கையை மேலே ஏற்றினார். பெண்ணின் அப்பா என்னையே பார்த்தார். கோபம்கூட இல்லை, அந்த முகம் அப்படியே உள்ளே ஒடுங்கிப் போனது. "இன்னா மாப்ள இது?" என்றார். என் கல்யாணம் நிற்பதற்கும் நடப்பதற்கும் நடுவில் நான் சொல்லப்போகிற பதில் மட்டும்தான் இருந்தது. என் வாயிலோ அவர் போட்ட மோதிரம். வேறு வழியில்லாமல் எல்லோர் முன்னாலும் அதை உள்ளங்கையில் துப்பினேன்.

"ஓடலைங்க. உங்கள தேடித்தான் வந்தேன்."

நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. மோதிரத்தை வாயில் ஒளித்து வைத்திருக்கிறவனை நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்: "தேடி வந்தவரு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"இவரு கையில கோடாலி இருந்துச்சி."

"எதுக்குத் தேடி வந்தீங்க?"

இதற்கு நல்லதாக ஒரு பொய் யோசித்தேன். கிடைக்கவில்லை. "நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கி என்ன பாத்து சிரிச்சிட்டு உள்ள ஓடுனியே, அதுல இருந்தே சந்தேகம்" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நாங்களும் காலையில இருந்து அதத்தான் பேசிக்கினு இருக்கோம். மரத்த சாக்கா வெச்சி உங்க வூட்ல நிறுத்திடுவாங்கன்னு அப்பா சோறுகூடத் துன்னல." பிறகு, "அன்னிக்கி சட்டைய தப்பா பட்டன் போட்டுக்கினு வந்தா சிரிக்காம இன்னா பண்ணுவாங்க?" என்றாள். மாமன் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

கோடாலிக்காரர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் முழுக்கதையும் வந்தது. அந்தப் பெரிய புளியமரத்தை வெட்டியவரே அவர்தான். "பஸ்ஸ நிறுத்தத்தான் வெட்டனோம். கல்யாணப் பொண்ணு வந்து நிக்கும்னு யாரு கண்டா?" என்றார். பெண்ணின் அப்பா நிலைகொள்ளாமல் தவிப்பதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார். எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது களைத்து, கிடந்த மரத்தில் உட்கார்ந்தவர் முன்னால், மஞ்சள் காதோடு நான் போய் நின்றிருக்கிறேன்.

டிராக்டர் அசைய வழியில்லை. கட்டிலையும் பீரோவையும் கொட்டகையில் விட்டுவிட்டு எல்லோரும் நடந்தோம். வழி நெடுகக் கிடந்த மரங்களில் சிலவற்றின் பக்கத்தில் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலிக்காரர் முன்னால் போய், "பொண்ணழைப்புபா, கொஞ்சம் கை குடுங்க" என்பார். எழுந்து வந்து பெண்களுக்குக் கை கொடுத்து ஏற்றி இறக்கிவிட்டார்கள். ஒருவர் குத்துவிளக்கை வாங்கித் தாண்ட வைத்தார். "மாப்ளக்கி காமால சரியாயிடுச்சா?" என்று இன்னொருவர் கேட்டபோதுதான், என் கதை எனக்கு முன்னாலேயே ஒவ்வொரு மரமாகப் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. பெண் மட்டும் யார் கையையும் பிடிக்காமல், புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மரத்திலும் தானாகவே ஏறி இறங்கினாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டோம். கோடாலிக்காரர் அதற்கு மேல் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பெண்ணின் அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "நான் அங்க இல்லன்னா பேச்சாயிடும். பொண்ண நல்லா வெச்சிக்கச் சொல்லுங்க, இவன் கொஞ்சம் பொய்யி பேசறான்" என்று சொல்லிவிட்டுக் கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. காப்போடு எல்லை தாண்டியதற்காகத் தாய்மாமன் என்னைத் திட்டிய திட்டு மறுநாள் மேளச் சத்தத்தில்தான் நின்றது.

அன்றைக்குக் கோடாலிக்காரர் என்னை நம்பவில்லை, நானும் அவரை நம்பவில்லை. சந்தேகத்தில் இரண்டு பேரும் சரிசமம்தான். ஆனால் நான் பொய்யாக அடுக்கித் தப்பிக்கப் பார்த்தேன். அவரோ சந்தேகப்பட்ட ஆளையே கூட அழைத்துக்கொண்டு, உண்மை தெரிகிற இடம் வரைக்கும் நடந்தார். சந்தேகப் புத்தி இத்தனை வருடத்திலும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் யார் மேலாவது அது வந்தால், அந்த ஆளோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் முடிவுக்கு வருகிறேன்.