அவர் பெயரில் போன திருத்தம்

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். அலுவலகத்தில் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கியவர் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர்தான். தாராபுரத்துக்காரர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருவரும் கெர்னல் வேலை பார்த்தோம். கணினியில் மற்ற எல்லா நிரலும் எதன் மேல் நின்று ஓடுகிறதோ, அதுதான் கெர்னல். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுவது. திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் படிக்கும்படி மெயிலில் அனுப்ப வேண்டும்.

நினைவகத்தில் புதிதாக ஒரு இணைப்பைப் போடப்போகிறோம். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே வேறொரு இணைப்பு இருக்கிறது. என்ன செய்வது? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பழைய நிரல் அந்த நொடியே மொத்தக் கணினியையும் நிறுத்திவிடும். அதுதான் சரி என்று நான் கத்தினேன். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, மேற்கொண்டு ஓடினால் இன்னும் கெடும் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, சிங்காநல்லூர்ல பஸ் ஏறறோம். உக்காரப் போற சீட்டுல யாரோ துண்டு போட்டு வெச்சிருக்காங்க. அதுக்காக பஸ்ஸையே நிறுத்தோணுமுங்களா? அந்தத் துண்டுமேல உக்காரக் கூடாது, அவ்வளவுதானுங்க."

முன்பே இருப்பதைத் தொடாதே, எச்சரிக்கை எழுதிவை, முடியாது என்று சொல்லித் திரும்பிவிடு. அவருடைய திருத்தம் இவ்வளவுதான். எனக்கும் அது சரியென்று பட்டது. அனுப்பினார். பதில் வருவதற்குள் டெங்குக் காய்ச்சலோடு ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்பவர்களிடமிருந்து அவர் பெயருக்கே பதில் வந்தது. வரிசையாக இணைத்துக்கொண்டு போகும்போது பாதியில் இப்படி இடைஞ்சல் வந்தால், அதுவரை போட்டதை யார் கழற்றுவது? அதையும் சேர்த்து அனுப்பினால் எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் விட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனுஷனிடம் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது?

விட்டுவிட மனசு வரவில்லை. அழுதுகொண்டேதான் எழுதினேன். நாம் போட்டதை மட்டும் கழற்ற வேண்டும், முன்பே இருந்தது அப்படியே இருக்க வேண்டும். வேண்டுமென்றே இடைஞ்சலை உண்டாக்கித் திரும்பத் திரும்பச் சோதித்தேன். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரை அப்படியே விட்டு, நான் சேர்த்ததை மட்டும் அடியில் குறித்து அனுப்பினேன்.

எழுதியவரே ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். அவர் இறந்துவிட்டார் என்று யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. முகம் தெரியாத அத்தனை பேர் படிக்கும் இடத்தில் அதை முதல்முறையாக எழுதினேன். அந்த ஒரு வரிக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

தாராபுரம் போய் அவருடைய அம்மாவிடம் சொன்னேன். மகன் எழுதியது இனி ஊர் உலகத்துக் கணினிகளில் ஓடும், போன்களில்கூட ஓடும் என்றேன். அம்மா தன் பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, இதில் இருக்கிறானா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதில் வராது, இனிமேல் வரும் புதுப் போனில்தான் வரும், அதற்கும் நாளாகும் என்றேன்.

"ஆகட்டும் அம்மணி. வந்தா எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துப்போடு. அது வர்ற மட்டும் நான் இருந்துக்கறேன்."