பின்சீட்டில் குமாரசாமி

குமாரசாமி கம்பத்திலிருந்து குமுளிக்கு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப்பாதை. கீழே தமிழ்நாடு, மேலே கேரளம், நடுவில் ஒரு செக்போஸ்ட். நான் அவரைச் சந்தித்தது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில், அவருடைய மகன் இனியன் வீட்டில். குமாரசாமியின் மனைவி நாகமணிக்கு மறதி நோய். பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நான் அதற்குப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். போய்ச் சேர்ந்தேன்.

நாகமணியக்கா தொந்தரவு தரும் நோயாளி இல்லை. சாப்பிடுவார், குளிப்பார், சொன்னால் நடப்பார். தொந்தரவு முழுக்க குமாரசாமியால்தான். நான் அக்காவுக்குத் தலை வாரினால் வகிடு கோணல் என்பார். சோறு ஊட்டினால் அவளே சாப்பிடுவாள் என்பார். கொஞ்ச நாளில் நானும் பழகிவிட்டேன், அவரும் பழகிவிட்டார். என்னை ‘தாஜ்ம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர்களுடைய மகள் தென்றல் கனடாவில், கெலோனா என்ற ஊரில் இருக்கிறாள். அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். அவளால் வர முடியாது. விமானத்தில் போகலாம் என்றால், போன முறை ஊரிலிருந்து வரும்போது நாகமணியக்கா நடுவானில் எழுந்து, “நான் எறங்கணும், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க” என்று கதவுப் பக்கம் நடந்தார். அதோடு விமானம் முடிந்தது. காரில் மட்டும் அவர் அமைதியாக இருப்பார். முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டால் எத்தனை மணி நேரமானாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். டிரைவர் பெண்டாட்டி.

ஆகவே குமாரசாமி காரில் போவது என்று முடிவு செய்தார். அக்காவுக்கு மகளை அடையாளம் தெரியும்போதே கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும், அதுதான் அவருக்கு. வீடியோவில் தென்றலின் குரல் கேட்டதும் அக்காவின் முகம் திரும்பும். அது எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

வழியை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். கலிபோர்னியாவின் வடகோடியில் வீட் என்ற ஊரில் தொண்ணூற்றேழாம் நம்பர் ரோடு ஆரம்பிக்கிறது. பனிமலை ஓரமாக ஏறி, ஆரிகன், வாஷிங்டன் தாண்டி, கனடா எல்லையைக் கடந்தும் அதே நம்பரோடு கெலோனா வரை போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை முழுக்க ஒயின் திராட்சைத் தோட்டம். ராத்திரி தங்குவதற்கு ஒரு தோட்டத்து விடுதியையே பார்த்து வைத்திருந்தார். நாகமணியக்கா பிறந்தது சுருளிப்பட்டியில், பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட வீட்டில். கொடியைப் பார்த்தால் அவளுக்கு மனசு தெளியும் என்றார். தெளியாது என்று சொன்னேன். திராட்சை மருந்தில்லை. அவர் காதில் வாங்கவில்லை.

எல்லையைப் பற்றி ஆரம்பத்தில் அவருக்குக் கவலையே கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்டர் தாண்டியவன் நான் என்பார். குமுளி செக்போஸ்ட்டில் கையைத் தூக்கினால் போதும், கட்டையை உயர்த்துவார்கள். அங்கேயும் அதுபோலத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். இனியன்தான் விளக்கினான். அதிகாரி குனிந்து உள்ளே பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பார். அம்மாவே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முன் ஒருமுறை கிளினிக்கில் நர்ஸ் வழக்கமான கேள்வியாக, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் அழுதுவிட்டார். அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், குமாரசாமியை வெளியே உட்காரவைத்து விசாரித்தார்கள். அவர்கள் செய்தது சரி. ஆனால் அவருக்கு அந்த நாற்காலி மறக்கவில்லை.

“இந்த ஆளு யாருன்னு கேட்டு, அவ தெரியாதுன்னுட்டா?” என்றார் என்னிடம்.

டாக்டர் கடிதம், இருவரின் பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாம் கையில் இருக்கட்டும், போதும் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. அவள் வாயால் சொல்ல வேண்டும்.

ஒத்திகை ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கார். நான் அதிகாரி. எங்கே போகிறீர்கள் என்றால், “டாட்டர் ஹவுஸ்” என்பார் அக்கா. இவர் யார் என்றால், தலையைக் குனிந்து, “ஹஸ்பெண்ட்” என்பார். அவர் பெயர் என்ன என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பூஜை அலமாரியில் இருக்கும் முருகன் படத்தைக் கைகாட்டுவார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. கோயிலில்கூட ‘ஆறுமுகம்’, ‘வேலவர்’ என்றுதான் கும்பிடுவார். ‘குமாரசாமி’ வாயில் வராது. நானும் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவர் பெயரைச் சொன்னதில்லை, எழுதித்தான் காட்டுவேன். அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

“முருகன் படத்த டேஷ்போர்டுல ஒட்டிருங்க சார். ஆபீசருக்குக் கைகாட்டட்டும்,” என்றேன்.

“படம் இருக்கு தாஜ்ம்மா. முருகன் யாருன்னு ஆபீசருக்கு எவன் சொல்றது?”

தினமும் காபி குடித்ததும் அவர் தன் பெயரைத் தானே சொல்லி, அக்காவைத் திருப்பிச் சொல்லவைக்கப் பார்ப்பார். அக்கா காதைப் பொத்திக்கொள்வார், “சும்மா இருங்க, யாராச்சும் கேக்கப் போறாக” என்பார். இந்த நோயில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, வற்புறுத்தினால் கோபம்தான் வரும் என்று நான் இரண்டு மூன்று முறை எச்சரித்தேன். புது டிரைவர்களுக்கு ஏத்தம் இறக்கம் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று அவர் பதில் சொன்னார். நோயையும் அவர் கொண்டை ஊசி வளைவு மாதிரி நினைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்காலிக் காரில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் குனிந்து, அவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

“குமாரசாமி,” என்றார் நாகமணியக்கா. தெளிவாக, சிரிக்காமல், படத்தைப் பார்க்காமல்.

குமாரசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். இனியனுக்குப் போன் செய்யப் போனவரை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கு அந்தத் தெளிவு பிடிக்கவில்லை.

“குமாரசாமி யாருக்கா?” என்று கேட்டேன்.

“இந்தா, இவருதான். நல்ல மனுசன். கார் ஓட்ட வந்திருக்காரு.” பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “ஆனா எங்க வீட்டுக்காரவுக வரட்டும். அவுகளக் கேக்காம இவரு கூட நான் வரமாட்டேன்.”

குமாரசாமி கராஜுக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் போகவில்லை. அக்காவுக்கு மாத்திரை நேரம். மாத்திரை கொடுத்து, இட்லி ஊட்டி, டிவி முன்னால் உட்காரவைத்த பிறகுதான் போனேன். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இருந்தார்.

“நாளைக்கு என்னைத் தெரியுமா தாஜ்ம்மா?”

“தெரியலாம். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாள் கூடிக்கிட்டே வரும்.” பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. “ஆனா நீங்க தனியா அவங்கள பார்டர் தாண்டிக் கூட்டிட்டுப் போக முடியாது சார். கடிதம் இருந்தாலும் முடியாது. வீட்டுக்காரர் வராம வரமாட்டேன்னு அங்க அழுதா யாரு என்ன பண்ணுவா?”

அவர் வாதாடவில்லை. அதுதான் எனக்கு அதிசயம்.

அக்காவுக்கு இனியனை மட்டும் தடுமாறாமல் தெரியும். ஆனால் இனியன் கம்பெனியில் வாரம் ஒரு கூட்டமாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது லீவு கேட்டால் தன் பெயர் முதலில் போகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது குமாரசாமி கார் சாவியை மகன் முன்னால் மேசையில் வைத்தார்.

“நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்.”

இனியன் சாவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். மகன் ஓட்டும் காரில் ஏறினாலே பிரேக் போடு, கியரைக் குறை என்று ஆளைக் கொல்லும் மனிதர் அவர். இனியன் மறுநாளே லீவுக்கு எழுதிப் போட்டான். கிடைத்தது. திரும்பி வந்ததும் வேலை இருக்குமா என்பது வேறு விஷயம்.

கிளம்பிய காலையில் நான் முன்னதாகவே போய்விட்டேன். மாற்றுத்துணி, பெரியவர் டயப்பர், மாத்திரை, வெந்நீர் பிளாஸ்க், எல்லாவற்றையும் எந்த நிறுத்தத்தில் எதை எடுக்க வேண்டும் என்ற வரிசையில் அடுக்கினேன். அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். முருகன் படம் டேஷ்போர்டில் இருந்தது. இனியன் வண்டியைக் கிளப்பினான். குமாரசாமி பின்சீட்டில் ஏறி, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் முழங்காலை இடித்துக்கொண்டார்.

நாகமணியக்கா திரும்பிப் பார்த்தார்.

“இனியா, இந்த ஆளும் வர்றாரா?”

இனியன் வாயைத் திறந்தான். பின்சீட்டிலிருந்து குமாரசாமி முந்திக்கொண்டார்.

“ஆமாத்தா. உங்க மக வீடு வரைக்கும்தான். அங்கன எறங்கிக்குவேன்.”

“உங்க வீட்டுல தேடமாட்டாகளா?”

“தேடமாட்டாக,” என்றார். “சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

அக்கா திருப்தியாகி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். நான் குமாரசாமி பக்கம் போய், அவர் மறந்திருந்த பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.