கொக்கோப் பூ மணக்குமா?

மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் நான். மழை விட்டதும் ஓடிவந்துவிட்டேன். குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் என் மனைவிக்கும் எழுத வராது. அதனால் இருவரும் போனில் குரலைப் பதிந்துதான் அனுப்பிக்கொள்வோம்.

அன்று அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏங்க, இந்த வீட்டம்மா மேசையில ஒரு சென்ட் பாட்டில் இருக்கு. பெட்டியில நம்ம தோப்புக் கொக்கோப் பூ படம் போட்டிருக்கு. அந்தப் பூ வாசந்தானாம், அவிய மக சொல்லுச்சு. தூசி தொடைக்கப்போ தெனமும் மூடியைத் தொறந்து ஒருவாட்டி மோந்துக்கிடுவேன். ஊருக்கு வந்துட்ட மாதிரி இருக்கு. நம்ம பூவும் இப்படித்தான் மணக்குமா?"

அவள் போய் மூன்று வருஷமாகிறது. இந்த வருஷமும் லீவு இல்லையாம்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி சேத்தூர் தோப்புக்குப் போய், தென்னைக்கு ஊடே நிற்கும் கொக்கோ மரங்களில் காய் பறிப்பதுதான் என் வேலை. காயை உடைத்து விதையைப் புளிக்கவைத்தால் கள் மாதிரி நாறும். அந்த நாற்றம் எனக்கு நல்ல பழக்கம். பூவை மட்டும் ஒருநாளும் மோந்ததில்லை. அது அடிமரத்துப் பட்டையில், மூக்குத்தி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலையில் மரத்தைக் கட்டிக்கொண்டு பட்டையில் மூக்கை வைத்து இழுத்தேன். ஓர் எறும்புதான் வந்தது.

கூட வேலை செய்யும் அக்கா பின்னால் நின்று சிரித்தார்.

"ஏலே, பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா மரத்துக்கா முத்தம் குடுப்ப?"

"மரம் ஏசலையேக்கா!"

ஒரு பூ மணக்காவிட்டாலும் ஒரு குத்துப் பூ மணக்கும் என்று என் மூளை சொன்னது. டீ டம்ளர் நிறையப் பறித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"கிறுக்குப் பயலே, அம்புட்டும் காயாகப் போற பூவுல்லா!"

டம்ளரில் மூக்கை விட்டேன். டீ வாசம் அடித்தது.

போனை எடுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன்.

"ஏட்டி, அதே வாசந்தான். தோப்பே கமகமன்னு கெடக்கு."

சாயங்காலம் பதில் வந்தது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்படியா? பறிச்சுப் போட்டுறாதீய. நான் வந்து மோந்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் போய் மரம் மரமாக மூக்கை வைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் வாசம் இல்லை. அவள் வருவதற்குள் ஒரு மரத்துப் பூவாவது மணக்க வேண்டும்.