சீட்டு கேட்காத மருந்துக்கடை

எனக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே மாத்திரைதான். கல்யாணம் பேசும்போது, மூச்சு விடக் கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். அச்சரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப் மாமனாரின் தம்பியுடையது என்று. மற்ற கடைக்காரர்களும் அவருக்கு தோஸ்து. எந்தக் கடையில் அந்த மாத்திரையைக் கேட்டாலும், நான் வீடு திரும்புவதற்குள் விஷயம் அடுப்படிக்கு வந்துவிடும்.

அம்மா இருந்தவரை ஊறுகாய் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினாள். அவள் போன பிறகு செல்போன்தான் கதி. முதலில் பார்த்த ஆப், டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். சரிபார்க்க ஒரு பெண் போன் செய்தாள். பக்கத்தில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டு, ஒழுங்காக வேலை பார்த்தவளை மனசுக்குள் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

அப்புறம் கிடைத்தது சீட்டே கேட்காத ஒரு கடை. முகவரி கிடையாது, வாட்ஸ்அப் நம்பர் மட்டும். பார்சல்மேல் ‘ஃபேஸ் கிரீம்’ என்று ஒட்டி அனுப்பினார்கள். என்ன கரிசனம் என்று பூரித்துப்போனேன், மடச்சி.

அந்த மாத்திரை போட ஆரம்பித்த மூன்றாவது வாரம், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது என் வலது கை தானாக வெட்டி இழுத்தது. சொம்பு எகிறிப் போய்ச் சுவரில் அடித்தது. அந்தக் கையில் குழந்தை இருந்திருந்தால்? மாத்திரை அட்டையைத் தேய்த்துப் பார்த்தேன். பேட்ச் நம்பர் விரலோடு வந்தது. வாட்ஸ்அப் நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. சீட்டு எழுதித் தந்த செங்கல்பட்டு டாக்டரிடம் ஓடலாமென்றால், வழியில் ரயிலிலேயே வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? நடந்துபோகிற தூரத்தில் இருந்தது சின்ன மாமனார் கடைதான். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டூப்ளிகேட்டும்மா இது. யாருக்கு?”

பக்கத்து வீட்டுக்கு, கூடப் படித்தவளுக்கு என்று நாலு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“எனக்குத்தான் மாமா.”

சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். பழைய சீட்டு என்பதால், அதிலிருந்த டாக்டர் நம்பருக்குப் போன் செய்து கேட்ட பிறகே மாத்திரையை எடுத்தார். தண்ணீரும் அவரே தந்தார். விழுங்கினேன். நாளைக்கே போய் டாக்டரைப் பார்த்துவிடச் சொன்னார். என் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“நா சொன்னா வேற மாரி ஆய்டும். நீயே சொல்லிடு,” என்று தன் போனை என் பக்கம் தள்ளினார்.

கணவருக்குக் கேளம்பாக்கத்தில் வேலை. எடுத்ததும் என் குரலைக் கேட்டு, புள்ளைக்கு இன்னா ஆச்சு என்றுதான் கேட்டார்.

“புள்ள நல்லாத்தான் கீது. எனக்கு வலிப்பு வரும். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே.”

லைன் கட்டாகவில்லை. “மாத்திர போட்டுக்கினியா?” என்று கேட்டார்.