கூண்டுக்குள் ஒரு கதிரை

2011இல் மெல்பேர்ண் புறநகர் ஒன்றில், நகரசபையின் நாய்க் காப்பகத்தில் கூண்டு கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுவ வேண்டும், சாப்பாடு வைக்க வேண்டும், பூட்ட வேண்டும். அதற்குமேல் நாய்களோடு எவரும் மினக்கெடுவதில்லை.

அங்கே புரூனோ என்றொரு கறுப்பு நாய் இருந்தது. ஆளைக் கண்டால் கம்பியில் பாய்ந்து குரைப்பான். நாய் எடுக்க வருகிறவர்கள் பயந்து அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வாரமும் யாரும் எடுக்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்களாம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் கதிரையை அவன் கூண்டுக்குள் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டியபடி அதில் அமர்ந்து ரொட்டி சாப்பிட்டேன். அவன் விடாமல் குரைத்தான். அந்த நேரம் பார்த்துக் கணவர் எனக்குப் போன் எடுத்தார்.

"என்ன சத்தம்? எங்க இருக்கிறீர்?"

"நாய்க்கூட்டுக்குள்ள."

"உமக்கென்ன விசரே? வெளியில வாரும்!"

"பொறுங்கோப்பா, சாப்பிட்டிட்டு வாறன்."

போனை வைத்தபோதுதான் குரைப்பு நின்றிருந்ததைக் கவனித்தேன். என் பாதத்தில் ஏதோ சூடாக அழுந்தியது. புரூனோவின் தாடை. நான் அசையவே இல்லை.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே இருந்தோம். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவனைத் தான் வளர்க்கத் தரும்படி கேட்டார். கூடவே அந்தக் கதிரையையும் கேட்டார். மறுவாரம் மேலாளர் எல்லாக் கூண்டுகளுக்கும் கதிரை வாங்கிப் போட்டார். அதன்பிறகு எங்கள் மத்தியானச் சாப்பாடு நாய்களோடுதான்.

இப்போதெல்லாம் வீட்டில் இவர் சத்தம் போட்டால் நான் திருப்பிக் கத்துவதில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்துவிடுகிறேன்.